பஞ்சவர்ணத்திடம் பேர் கேட்ட மத்தியானம்

“பேரு என்னம்மா?” என்று கேட்டேன்.

பெஞ்சில் உட்கார்ந்திருந்த பெண் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். பக்கத்தில் இருந்த அவள் மாமியார்தான் சொன்னாள்.

“பஞ்சவர்ணம்யா. எந் தம்பி மக. எம் மகனுக்குக் கெட்டியிருக்கு. இந்த மாதிரி எடத்துக்கெல்லாம் இப்பத்தேன் மொத மொதலா வாரோம்.”

அந்தம்மா மடியில் ஒரு மஞ்சள் பை இருந்தது. ஜவுளிக்கடைப் பை. நன்றாகப் புடைத்திருந்தது.

பங்குனி வெயில் ஜன்னல் கம்பியில் ஏறிக் கிடந்தது. கீழே மேலமாசி வீதியில் ஒருத்தி பூக்கூடையில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தாள். ஈரச்சாக்கு வாசமும் மல்லிகை வாசமும் மாடி வரைக்கும் வந்தன. மேலே ஃபேன் கிறீச்சிட்டுச் சுற்றியது.

எனக்கு அந்தப் பெண்ணின் பேர் தெரியும். அவள் ஊர் தெரியும். அவள் காதுக்குள் யார் யார் பேசினார்கள் என்பதுகூடத் தெரியும். அவளுக்கும் என்னைத் தெரியும். அந்த அறையில் ஒன்றும் தெரியாதவள் மாமியார் ஒருத்திதான். அவளுக்காகத்தான் அந்தக் கேள்வியைக் கேட்டேன்.

இந்தத் தொடரில் இதுவரைக்கும் நான் ஜெயித்த கதைகளாகவே எழுதிவந்தேன். படித்துவிட்டு நீங்களும் மெச்சி எழுதுகிறீர்கள். மெச்சத்தக்கவன்தான் நான், அதில் எனக்குக் கூச்சம் கிடையாது. ஆனால் இந்த வாரம் எழுதுவது அப்படிப்பட்டதல்ல. எழுதாமல் தாண்டிப் போய்விடலாம் என்று பார்த்தேன். முடியவில்லை.

மில்லுச் சத்தத்தில் படித்தது

மில் வேலையை உதறிவிட்டு நரம்பு டாக்டர் வாசலில் டோக்கன் கொடுக்க உட்கார்ந்த கதையைப் போன வாரம் சொன்னேன். அஞ்சாம் கிளாஸோடு பள்ளிக்கூடத்தை முடித்தவன் எப்படி உள் அறைக்குப் போனான் என்று கேட்டால், மில்லுதான் காரணம் என்பேன்.

நூற்பு டிபார்ட்மெண்டில் மிஷின் ஓடும்போது பக்கத்தில் இருக்கிறவன் கத்தினாலும் காதில் விழாது. உதட்டைப் பார்த்து, புருவத்தைப் பார்த்து, தோள்பட்டை எப்படி இருக்கிறது என்று பார்த்துத்தான் பேச்சைப் பிடிக்க வேண்டும். அப்படியே வருசக்கணக்கில் நின்றவன் நான். ஆள் வாயைத் திறப்பதற்கு முன்னால் என்ன சொல்லப்போகிறான் என்று எனக்குப் பாதி விளங்கிவிடும்.

டாக்டர் அதைக் கவனித்தார். வாசலில் அழுதுகொண்டு வருகிற சனம் என்னிடம் பேசிவிட்டு அமைதியாக உள்ளே போவதைப் பார்த்து, ஒரு பக்கத்து அறையை எனக்கு ஒழித்துக் கொடுத்தார். இப்போது கவுன்சிலிங் என்கிறார்கள். அன்றைக்கு அதற்குப் பேர் கிடையாது. வருகிறவர்கள் ‘பேச்சு ரூம்’ என்றார்கள்.

உடனே எல்லாம் வந்துவிடவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை டாக்டர் என்னைக் கீழக்குயில்குடிக்குக் கூட்டிப் போனார். சமணர் மலையில் ஏறி, பாறையில் வெட்டியிருக்கிற படுக்கைகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தோம். “கொஞ்ச நேரம் பேசாம இருப்போமா” என்றார். நான் சரி என்றேன். காற்று நன்றாக வீசியது. கீழே தாமரைக் குளம். எனக்கு மில்லில் நடந்த ஒரு தகராறு ஞாபகம் வந்தது. சொல்ல ஆரம்பித்தேன். சொல்லி முடித்துப் பார்த்தால் டாக்டர் சிரித்துக்கொண்டிருக்கிறார்.

“நல்லாப் பேசுறே. இந்த வேலைக்குப் பாதி அது போதும். மீதியையும் கத்துக்க” என்றார்.

கற்றுக்கொண்டேன். யாராவது காதில் குரல் கேட்கிறது என்று சொன்னால், அப்படி ஒன்றும் இல்லை என்று சொல்லக் கூடாது. ஆமாம் இருக்கிறது என்றும் சொல்லக் கூடாது. என்ன சொல்கிறது, எப்போது சொல்கிறது, அப்போது உனக்கு எப்படி இருக்கிறது என்று கேட்க வேண்டும். டாக்டர் இதைச் சொல்லிக் கொடுத்தார். எனக்கு அது நன்றாகவே பிடிபட்டது.

தெரியாத மாதிரி

இன்னொரு பாடமும் சொன்னார். இங்கே வந்தவர்களை வெளியில் எங்கே பார்த்தாலும் தெரிந்த மாதிரி காட்டிக்கொள்ளக் கூடாது. அவர்களாக வந்து பேசினால் பேசலாம்.

இதில் என்னை அடிக்க மதுரையில் ஆள் கிடையாது. ஒரு கல்யாணப் பந்தியில், எங்கள் அறையில் விக்கி விக்கி அழுத ஒரு பாத்திரக் கடைக்காரர் என் பக்கத்து இலையில் வந்து உட்கார்ந்துவிட்டார். மனிதர் இலையைவிட்டு நிமிரவே இல்லை. எதிர் வரிசையில் அவர் சம்பந்தி. நான் திரும்பி, “அண்ணனுக்கு ஊரு எங்கிட்டு? பொண்ணு வீடா, மாப்பிள்ளை வீடா?” என்றேன். அவர் முகத்தில் உயிர் வந்தது. பரிமாறுகிறவனைக் கூப்பிட்டு, “அண்ணனுக்கு இன்னொரு கரண்டி பாயாசம் ஊத்துப்பா” என்றார். அன்றைக்கு நான் குடித்த பாயாசத்துக்கு அளவில்லை.

இதைப் பெருமையாக எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன்.

பையோடு வருகிறவர்கள்

எங்கள் பலகையில் ‘நரம்பு வைத்தியம்’ என்றுதான் போட்டிருந்தது. அதுகூட ஊரில் தெரியக் கூடாது என்று நினைப்பார்கள். அதனால் யாரும் வெறுங்கையோடு வர மாட்டார்கள். கையில் ஏதாவது சாட்சி இருக்கும். கண் ஆஸ்பத்திரிக்கு என்று கிளம்பியவர்கள் கறுப்புக் கண்ணாடி போட்டிருப்பார்கள். மீனாட்சி கோயிலுக்கு என்று கிளம்பியவர்கள் போகும்போது குங்குமப் பொட்டலம் வாங்கிப் போவார்கள். ஒத்தக்கடையிலிருந்து வந்த ஒரு வாத்தியார் ஒவ்வொரு தடவையும் ஒரு பூசணிக்காயைத் தூக்கிக்கொண்டு வருவார். மார்க்கெட்டுக்குப் போனாராம். அவர் வீட்டில் பூசணிக்காய் சாப்பிட்டே எல்லாருக்கும் வெறுத்துப்போயிருக்கும்.

பஞ்சவர்ணத்தின் அம்மா ஒச்சம்மா கொண்டுவந்தது ஜவுளிக்கடை மஞ்சள் பை.

பேரையூருக்கு அந்தப் பக்கம் ஒரு கரிசல் காட்டு ஊர். பருத்தி விவசாயம். அப்பா சின்னச்சாமி முன்னால் நடப்பார், மகள் நடுவில், ஒச்சம்மா கடைசியில். மாத்திரை வாங்கிக் கிளம்பும்போது ஒச்சம்மா என் மேஜையில் கிடக்கிற பழைய பேப்பர்களைக் கேட்டு வாங்குவாள். சுருட்டிச் சுருட்டிப் பைக்குள் திணிப்பாள். மேலாக ஒரு ரவிக்கைத் துணியை மடித்து வைப்பாள். பார்த்தால் பட்டு எடுத்துப் போகிற மாதிரியே இருக்கும்.

“எதுக்கு ஒச்சம்மா இம்புட்டுப் பாடு?” என்று கேட்டேன்.

“பஸ்ஸ விட்டு எறங்குனா கொழாயடியில அம்புட்டுப் பேரும் நிப்பாளுகண்ணே. எங்க போயிட்டு வாரேன்னு கேப்பாளுக. சேலை எடுக்கன்னு சொல்லிக்கிறலாம்ல.”

பஞ்சவர்ணம் அப்போது அந்தக் குரல்களோடுதான் இருந்தாள். ரெண்டு பொம்பளைகள் அவள் செய்வதையெல்லாம் சொல்லிக்கொண்டே இருப்பார்கள். இந்தா உக்காருறா பாரு, இந்தா சோத்தைப் பெசையிறா பாரு என்று. கேட்டுக் கேட்டு அந்தப் பிள்ளை சோற்றைப் பிசைவதையே விட்டுவிட்டது. பருத்தி எடுக்கப் போனவள் காட்டில் நின்ற இடத்திலேயே பொழுது சாய நின்றிருக்கிறாள்.

முதலில் என்னிடமும் வாயைத் திறக்கவில்லை. நான் என்ன கேட்டாலும் ஒச்சம்மா பதில் சொல்வாள், ஒச்சம்மா விட்டால் சின்னச்சாமி சொல்வார். எங்கள் ஊர்ப் பக்கம் நோயாளி பேசுவது என்பது கிடையாது. கூட வந்தவர்கள்தான் பேசுவார்கள். அவர்களை எழுப்பி வெளியே அனுப்ப நான் ஒரு வழி வைத்திருந்தேன். “மாத்திரைக்கு முன்னாடி சூடா பருத்திப்பால் குடிக்கணும், ரெண்டு பேரும் போயி வாங்கிட்டு வாங்க” என்பேன். மாத்திரைக்கும் பருத்திப்பாலுக்கும் சம்பந்தமே இல்லை. டாக்டர் கண்டும் காணாத மாதிரி இருந்துவிடுவார்.

எத்தனையோ டம்ளர் பருத்திப்பால் ஆறிப்போனது. ஒருநாள் அவள் பேசினாள்.

“அண்ணே, ஊர்ல ‘சேலை எடுக்கப் போறாக பாரு’ன்னு ஒரு சத்தம் கேக்குது. அது எனக்குள்ள பேசுறதா, வெளிய பேசுறதா?”

“அது வெளிய பேசுறதுதேன், தாயி. கொழாயடியில.”

“அப்ப நெசமாத்தேன் பேசுறாகளா?”

“ஆமா. நெசமாத்தேன் பேசுறாக.”

“நெசமாப் பேசுறாக. ஆனா நாங்க சேலை எடுக்கலையே” என்றாள். அதற்குப் பிறகு லேசாகச் சிரித்தாள். அவள் பல்வரிசையை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

மாத்திரை வேலை செய்தது. என் பேச்சும் வேலை செய்தது. ரெண்டும் சேர்ந்துதான் என்று டாக்டரே சொன்னார். குரல்கள் தூரத்தில் போய்விட்டன, அடுத்த தெருவில் பேசுகிற மாதிரி இருக்கிறது என்றாள். சோறு பிசைந்தாள். காட்டுக்குப் போனாள். அடுத்த மழைக்காலத்துக்குள் அவளை முழுசாக நிமிர்த்திவிடலாம் என்று நான் டாக்டரிடம் பந்தயமே கட்டினேன். “மாத்திரைய மட்டும் நிறுத்தக் கூடாது. வருசக்கணக்கா ஆகும்” என்றார் அவர்.

அக்கா வந்தாள்

ஒருநாள் சின்னச்சாமி தனியாக வந்தார். துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

நடந்தது இதுதான். குழாயடிப் பேச்சு பக்கத்து ஊர் வரைக்கும் போயிருக்கிறது. மாதா மாதம் மதுரைக்குப் போய்ப் பை நிறையச் சேலை எடுத்து வருகிறார்கள், மூத்தவளுக்குச் சொந்தத்தை விட்டு அசலில் மாப்பிள்ளை பார்த்துவிட்டார்கள் என்று. அந்த ஊரில்தான் அவருடைய அக்கா குருவம்மா இருக்கிறாள். அவளுக்குக் கல்யாண வயசில் ஒரு மகன். பஞ்சவர்ணத்துக்கு அத்தை மகன், முறைக்காரன்.

“வாசல்ல வந்து நின்னுக்கிட்டு உள்ள கால வெக்க மாட்டேன்டுச்சு எங்கக்கா. ‘எம் மகன் இருக்கையில எவனுக்குடா பட்டு எடுக்குற? என்னய என்ன செத்துட்டான்னு நெனச்சியா?’ன்னு மண்ண வாரித் தூத்தப் போயிருச்சுண்ணே. தெருவே கூடிருச்சு.”

“நீங்க என்ன சொன்னீக?”

“என்னத்தச் சொல்ல? வைத்தியத்துக்குப் போறோம்னு தெருவுல வெச்சுச் சொல்லவா? அடுத்ததா ஒரு பிள்ள இருக்கு, அதைய யாரு கெட்டுவா?” துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். “ஒம் மகனுக்குத்தேன்க்கா எடுத்தேன்னு சொல்லிட்டேன்.”

“அதுக்கு அக்கா என்ன சொன்னாக?” என்று கேட்டேன்.

“அவ்வளவுதேன். அழுதுக்கிட்டே வந்து எங் கழுத்தக் கெட்டிக்கிருச்சு. அங்கனயே வெத்தலை பாக்கு மாத்தியாச்சு” என்றார்.

நான் விடவில்லை. நான் பேசினேன், டாக்டரைப் பேச வைத்தேன். கல்யாணத்தைக் கொஞ்சம் தள்ளிப்போடுங்கள் என்றோம். மாப்பிள்ளைப் பையனிடம் மட்டுமாவது சொல்லிவிடலாம், நானே வந்து பக்குவமாகச் சொல்கிறேன் என்றேன். எப்பேர்ப்பட்ட குடும்பத்தையெல்லாம் வழிக்குக் கொண்டுவந்தவன். சின்னச்சாமி என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“நீங்க சொல்லுவீகண்ணே. நல்லாத்தேன் சொல்லுவீக. சொல்லிட்டு பஸ் ஏறிருவீக.”

போகும்போது வாசலில் நின்று இன்னொன்றும் சொன்னார். கல்யாணம் ஆனால் இதெல்லாம் தன்னால் சரியாகிவிடும் என்று ஊரில் நிறைய பேர் சொல்கிறார்களாம். யாரிடம் கேட்டார், என்னவென்று கேட்டார் என்று நான் கேட்கவில்லை.

மாத்திரையை எங்கே வைப்பது

கல்யாணத்துக்கு முன்னால் கடைசியாகப் பஞ்சவர்ணம் வந்தபோது பருத்திப்பால் வாங்கி வர நான் சொல்லவே இல்லை. ஒச்சம்மாவே எழுந்து போனாள்.

“ஒனக்குச் சம்மதமா, தாயி?” என்று கேட்டேன்.

“மச்சான் நல்ல மாதிரிதேண்ணே. எனக்குக் கல்யாணம் வேண்டாம்னு இல்ல.” விரலால் பெஞ்சின் விளிம்பைத் தடவிக்கொண்டிருந்தாள். “அந்த வீட்ல மாத்திரைய எங்க வெப்பேன்?”

மஞ்சள்தூள் டப்பாவில் வைக்கலாம் என்றால் மாமியார் எடுப்பாள். டிரங்குப் பெட்டியில் வைக்கலாம் என்றால் நாத்தனார்கள் திறப்பார்கள். புதுப்பெண்ணின் பெட்டியை எல்லாரும்தான் திறந்து பார்ப்பார்கள். ஒரு வீட்டில் ஒரு பெண்ணுக்குச் சின்ன மாத்திரை வைக்க ஒரு இடம் கிடையாது.

ஒச்சம்மா திரும்பி வந்ததும் அவளிடம் கேட்டேன். அவள் அதை யோசித்து வைத்திருந்தாள்.

“தலையாடிக்குக் கூட்டிட்டு வந்து மாசம் முச்சூடும் வெச்சிருப்போம்லண்ணே. அப்பக் குடுத்துர்றேன். சேத்து வெச்சுக் குடுத்துர்றேன்.”

“ஆடி மாசம் வரைக்கும் வியாதி காத்துக்கிட்டு இருக்குமா, ஒச்சம்மா?”

அவள் பைக்குள் பேப்பரைத் திணித்துக்கொண்டிருந்தாள். அன்றைக்கு அதற்கு அவசியமே இல்லை. கீழே கடையில் முகூர்த்தச் சேலையே எடுத்திருந்தார்கள், இன்னொரு பை நிறைய. பழக்கத்தில் திணித்தாள்.

எனக்குப் பத்திரிகை வைக்கவில்லை. வைக்க முடியாது, யார் என்று சொல்வார்கள்? முகூர்த்தத்தன்று நான் அறையில் உட்கார்ந்து வேறு யாருடைய கதையையோ கேட்டுக்கொண்டிருந்தேன். நன்றாகவே கேட்டேன்.

ஆடிக்கு ஒச்சம்மா மாத்திரை வாங்க வருவாள் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். வரவில்லை. மகள் முழுகாமல் இருக்கிறாள், மாத்திரை கொடுக்கப் பயமாக இருக்கிறது என்று அவர்கள் ஊர்ப் பக்கத்திலிருந்து வந்த இன்னொருவரிடம் யாரைப் பற்றி என்றே சொல்லாமல் சொல்லி அனுப்பியிருந்தாள். கூட்டிக்கொண்டு வரச் சொல்லுங்கள், டாக்டர் பார்த்து முடிவு செய்யட்டும் என்று நானும் அதே மாதிரி, யாருக்கு என்று சொல்லாமலே சொல்லிவிட்டேன். அது போய்ச் சேர்ந்ததா என்று தெரியாது.

மறுபடியும் அந்த மத்தியானம்

அப்புறம் ஒரு பங்குனியில் குருவம்மா தானே கூட்டிக்கொண்டு வந்தாள். முதலில் சொன்னேனே, அந்த மத்தியானம்.

பஞ்சவர்ணம் இளைத்திருந்தாள். தலையில் எண்ணெய் இல்லை. புடவை மட்டும் நல்ல புடவையாகக் கட்டிவிட்டிருந்தார்கள். கழுத்தில் தாலிக்கயிறு இன்னும் மஞ்சள் போகாமல் இருந்தது.

“என்னம்மா பண்ணுது?” என்று பொதுவாகக் கேட்டேன்.

குருவம்மாதான் சொன்னாள். “பிள்ளை தங்கலைங்கய்யா. அதுக்குப் பின்னாடி ஒரு பேச்சு இல்ல. அடுப்புக்கு முன்னாடி நின்னா நின்னுக்கிட்டே இருக்கு. எங்களுக்கு வந்த அன்னைக்குத் தங்கமா இருந்துச்சு. எந் தம்பி வீட்ல கேட்டா, அங்க இருந்த வரைக்கும் ஒன்னும் இல்லன்றாக. எங்க வீட்டு ராசின்றாக.” அந்தம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “நாந்தேன் ஆசைப்பட்டுக் கேட்டு வாங்குனேன். நல்லது கெட்டது எம் பொறுப்புதேன?”

நல்ல மனுஷிதான் அவள். அதுதான் என்னை இன்னும் அறுக்கிறது. ஒரு வார்த்தை முன்னாடியே சொல்லியிருந்தால் மாத்திரையை மடியில் முடிந்து வைத்து வேளாவேளைக்குக் கொடுத்திருப்பாள்.

அதை இப்போதாவது சொல்லலாமா என்று எனக்கு நாக்கு வரைக்கும் வந்தது. சொல்ல நான் யார்? பெற்றவர்கள் நம்பி என்னிடம் வைத்துப்போன ரகசியம். சொன்னால் அக்கா தம்பி உறவு அன்றோடு முடியும். இந்தப் பிள்ளையை அப்படியே கொண்டுபோய்ச் சின்னச்சாமி வாசலில் இறக்கிவிட்டாலும் விடுவார்கள். சொல்லாமல் விட்டால் டாக்டரும் முதலிலிருந்து ஆரம்பிக்கிற மாதிரி நடிக்க வேண்டும். நான் சொல்லவில்லை. பாயாசம் குடித்த அதே முகத்தை வைத்துக்கொண்டேன்.

“மாத்திரைக்கு முன்னாடி சூடா பருத்திப்பால் குடிக்கணும்மா. கீழ போயி வாங்கிட்டு வாரீகளா?” என்றேன்.

குருவம்மா பையைப் பெஞ்சில் வைத்துவிட்டுப் போனாள். படியில் அவள் செருப்புச் சத்தம் தேய்ந்தது. நான் நாற்காலியை இழுத்து முன்னால் போட்டேன்.

“தாயி, பஞ்சவர்ணம்.”

அவள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் கேட்டாள்.

“நான் இங்க முன்னாடி வந்திருக்கேனா?”

“வந்திருக்கியே, தாயி. எத்தனை தடவை வந்திருக்க. அம்மா அப்பாவோட. என்னயத் தெரியலையா?”

“எங்கம்மா நாம போகவே இல்லன்டுச்சு. அதெல்லாம் ஒனக்குள்ள கேட்டதுன்டுச்சு. நீங்களும் இப்பப் பேரக் கேட்டீக.”

“அது உங்கத்தைக்காகக் கேட்டது. அவுகளுக்குத் தெரியக் கூடாதுல்ல. எனக்கு ஒன்னய நல்லாத் தெரியும். நீ இங்கதேன் இருந்த. நான் இங்கதேன் இருந்தேன். நெசம்.”

அவள் அடுத்த பக்கம் திரும்பிக்கொண்டாள். கோபமாகத் திரும்பவில்லை. அலுத்துப்போய்த் திரும்புகிற மாதிரி.

“அதுகளும் இப்படித்தேன் சொல்லும்ணே” என்றாள்.

அதற்கப்புறம் நான் எவ்வளவோ பேசினேன். பருத்திப்பால் பற்றிச் சொன்னேன். அவள் சிரித்ததைச் சொன்னேன். சேலை எடுக்கவில்லையே என்று அவள் கேட்டதைச் சொன்னேன். சொல்லச் சொல்ல அவள் முகம் மூடிக்கொண்டே போனது. எனக்குத் தெரிந்த ஒவ்வொன்றும், எனக்கு எப்படித் தெரியும் என்றுதான் அவளுக்கு ஆனது. காதுக்குள் பேசுகிறதுகளுக்கும் அவளைப் பற்றி எல்லாம் தெரியுமே.

குருவம்மா டம்ளரோடு வந்தாள். டாக்டர் பார்த்தார், மாத்திரை எழுதினார். அவரும் புதிதாகப் பார்க்கிற மாதிரிதான் பார்த்தார். மாதா மாதம் வர வேண்டும் என்றார். குருவம்மா தலையை ஆட்டினாள். அந்த வருசம் முழுக்க மாதா மாதம் கூட்டியும் வந்தாள். மாத்திரையைத் தவறாமல் கொடுத்தாள். பஞ்சவர்ணம் சோறு பிசைந்தாள், அடுப்பைப் பார்த்தாள். குரல்கள் போய்விட்டனவா என்று கேட்டால் தலையை ஆட்டுவாள். என்னிடம் மட்டும் அதற்குப் பிறகு ஒரு வார்த்தை பேசியதில்லை. பருத்திப்பால் வாங்க அனுப்பிப் பார்த்துப் பார்த்து, அப்புறம் அனுப்புவதையும் விட்டுவிட்டேன்.

அந்த முதல் மத்தியானம் கிளம்பும்போது குருவம்மா மஞ்சள் பையைத் தூக்கி உள்ளே பார்த்தாள். அதற்குள் அவள் கொண்டுவந்த மாற்றுத்துணிதான் இருந்தது. வெளியே வெயில் என்று அதை எடுத்துப் பஞ்சவர்ணத்தின் தோளில் போர்த்திவிட்டாள். பை தொங்கிப்போனது.

“ஐயா, பழைய பேப்பர் ஏதும் கெடக்குமா?” என்று என் மேஜையைப் பார்த்துக் கேட்டாள். “கேட்டா சேலை எடுக்கப் போனோம்னு சொல்லிக்கிறலாம்.”

பேப்பரை எடுத்துக் கொடுத்தேன். பஞ்சவர்ணம் அதை வாங்கி, அவள் அம்மா செய்கிற மாதிரியே, சுருட்டிச் சுருட்டி உள்ளே திணித்தாள்.